உரிமையாளர் திரும்பி வரவில்லை

தன் நகை இருக்கும் இடத்துக்குப் போக விமலாராணி டிக்கெட் எடுத்தாள்.

வாசலில் பையை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள். செருப்புக்கு மேல் மாட்டிக்கொள்ளத் துணி உறை கொடுத்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து வெறும் செருப்போடு நடந்த தரையில், அன்று உறை போட்டு நடந்தாள்.

அந்தக் கட்டடம் நொய்யல் மெர்க்கன்டைல் பாங்காக இருந்தபோது அவளும் கணவர் தேவானந்தமும் அங்கே லாக்கர் எடுத்திருந்தார்கள். தேவானந்தம் ரயிலுக்குப் பச்சைக் கொடி காட்டுகிற ரயில்வே கார்டு. போத்தனூரில் அவர்கள் இருந்த குவார்ட்டர்ஸ் கதவைத் தோளால் இடித்தாலே திறந்துகொள்ளும். அதனால் நகை டவுனில் இருந்தது. ரெட்டைவடச் சங்கிலி, நெக்லஸ், நாலு வளையல். எல்லாம் மகள் கிளாடிஸ் கல்யாணத்துக்கு.

பிறகு அந்த வங்கி இன்னொரு வங்கியோடு சேர்ந்தது. அது மூன்றாவது ஒன்றோடு சேர்ந்தது. கடைசியில் மிஞ்சிய பெயரை விமலாராணியால் ஒரே மூச்சில் சொல்ல முடியாது. அவர்கள் அவிநாசி ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனார்கள். போகுமுன், லாக்கர் வைத்திருப்பவர்கள் வந்து காலி செய்துகொள்ளவும் என்று முறைப்படி அறிவிப்பு ஒட்டினார்கள். பழைய கட்டடத்தின் கதவைப் பூட்டி, அதன் உள்பக்கம் ஒட்டினார்கள். விவரம் தெரிந்தவர்கள் முன்பே காலி செய்திருந்தார்கள். விமலாராணி அப்போது ஆஸ்பத்திரியில், தேவானந்தத்தின் கடைசி நாட்களில், அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஒரே ஒரு பெட்டி மிஞ்சியது.

கண்ணாடிக் கட்டடத்தில் இருந்த பையன் கணினியைப் பார்த்துச் சொன்னான்: "பில்டிங்கோட எல்லாத்தையும் டிரஸ்டுக்குக் குடுத்தாச்சுங்க மேடம். அது இப்ப மியூசியம். அங்க கேளுங்க."

கேட்கத்தான் வந்திருந்தாள்.

உள்ளே அதே தேக்கு மேசை. அதே பித்தளைக் கம்பி. கம்பிக்குப் பின்னால் முழுக்கைச் சட்டையும் மூக்குநுனிக் கண்ணாடியுமாக ஒருவர். ஆளைக் கண்டதும் அவளுக்கு உயிர் வந்தது.

"ஏனுங்க, லாக்கர் விசயமா வந்தனுங்க."

அவர் நிமிரவில்லை. "வரிசைல வாங்க."

"வரிசையே இல்லீங்களே. நான் ஒருத்திதானுங்க நிக்கறன்."

"அப்ப நீங்கதான் வரிசை. நில்லுங்க."

நின்றாள். அவர் கண்ணாடியைத் துடைத்தார். காலி டம்ளரில் டீ குடித்தார். வெள்ளைக் காகிதத்தில் மை இல்லாத முத்திரையை ஓங்கி ஓங்கிக் குத்தினார். அவளுக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். கம்பிக்குள்ளிருந்து ஒரு பலகை எழுந்தது. உணவு இடைவேளை.

"ஏனுங்க, மணி பதினொண்ணு கூட ஆகலீங்களே!"

"எனக்கு ஆயிருச்சுங்க."

விமலாராணி போத்தனூர் ஸ்டேஷன் எதிரில் பேக்கரி நடத்துகிறவள். ரயில் ஊதும்போதும் கணக்குச் சொல்லுகிற குரல் அவளுடையது. அந்தக் குரலில் அவள் கேட்டாள். எம்பட நகைய வெச்சுக்கிட்டு என்னையவே நிக்க வெப்பியா என்று கேட்டாள். உனக்குப் பொண்ணு பொறந்து அது வெறுங்கழுத்தோட சர்ச்சு ஆல்டருக்குப் போனாத்தான் தெரியும் என்றாள். மூச்சு வாங்க நிறுத்தியபோது பின்னாலிருந்து கைத்தட்டல் கேட்டது.

"அருமைங்க," என்றார் ஒரு திருப்பூர்க்காரர். "இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. பின்னாடி கேக்கல."

காவலாளி வந்து அவளிடம் கை நீட்டினான். "மேடம், இதுக்குத் தனி டிக்கெட்டுங்க. முப்பது ரூவா." சுவரில் இருந்த பலகையைக் காட்டினான். காத்திருப்பு அனுபவம்.

"பழைய பாங்குல ஜனங்க எப்பிடிக் காத்துக் கெடந்தாங்கன்னு காட்டறதுங்க. அவரு நெசமான கேஷியர் இல்லீங்க."

"நெசமான ஆளும் இப்பிடித்தானப்பா இருந்தாரு."

"அதுக்குத்தானுங்க அவார்டு குடுத்திருக்காங்க."

முப்பது ரூபாய் கொடுத்தாள்.

லாக்கர் அறைக்கு வெளியே காதில் மாட்டிக்கொள்ளும் கருவி கொடுத்தார்கள். இரும்புக் கதவைத் தாண்டினாள். மூன்றாவது வரிசை, கீழிருந்து இரண்டாவது. அவளுடைய பெட்டி. அதற்கு மட்டும் தனி விளக்கு போட்டு, முன்னால் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். கருவியில் ஒரு பெண்குரல் இளகிப் பேசியது.

"இந்தப் பெட்டகத்தைப் பாருங்கள். இதன் உரிமையாளர் ஒரு பெண் என்று நம்பப்படுகிறது. ஒருநாள் இதைப் பூட்டிவிட்டுப் போனார். அவர் திரும்பி வரவில்லை. அவர் யார்? உள்ளே என்ன இருக்கிறது? காலம் மட்டுமே அறியும்."

"வந்துட்டனுங்க!" என்றாள் விமலாராணி.

பக்கத்தில் நின்ற பள்ளிக்கூட டீச்சர் உதட்டில் விரல் வைத்தார்.

இயக்குநர் நரசிம்மலுவின் அறை மாடியில் இருந்தது. அவர் நல்ல மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள். அவரும் சொன்னார்.

"வாங்க அம்மணி, உக்காருங்க. அதுல இல்லீங்க, அது வரலாறு. அந்த ஸ்டூல்ல."

அவள் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"நான் உங்களை நம்பறனுங்க. ஆனா லேபிள்ல என்ன போட்டிருக்குது? உரிமையாளர் திரும்பி வரவில்லைன்னு. அது கமிட்டி ஒப்புதல் வாங்குன வாசகம். இப்ப நீங்க வந்துட்டீங்கன்னா லேபிள் தப்பாயிருது."

"தப்புத்தானுங்களே."

"அருங்காட்சியகத்துல லேபிள் தப்பாகாதுங்க. வாரவங்கதான் தப்பா வருவாங்க."

"எம்பட நகைங்க அது. பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கறன்."

"நகைன்னு சொல்லாதீங்க." அவர் முகம் சுளித்தார். "உள்ள என்ன இருக்குதுன்னு தெரியாத வரைக்கும் அது வரலாறு. தெரிஞ்சா வெறும் தங்கம். தங்கம் பாக்க ஜனங்க இங்க எதுக்கு வரோணும், கடைவீதிக்குப் போயிருவாங்களே. இந்தப் பூட்டுப் பக்கம் ஒரு ஸ்குரூடிரைவர் கூடப் போகக்கூடாதுன்னு விதி எழுதுனவன் நான். அதை நானே மீற முடியாது. கமிட்டிதான் மீறோணும்."

"கமிட்டி எப்பக் கூடுமுங்க?"

அதில்தான் ஒரு சிக்கல் இருந்தது. கமிட்டியில் மூன்று பேர். நரசிம்மலு, அவருடைய மச்சினர், ஒரு பேராசிரியர். மூவரும் இருந்தால்தான் கூட்டம் செல்லும். பேராசிரியர் காலமாகிவிட்டார். அவர் இடத்துக்கு வேறு ஒருவரைப் போட வேண்டுமானால் முதலில் அவருக்கு இரங்கல் தீர்மானம் போட வேண்டும். தீர்மானம் போடக் கூட்டம் கூட வேண்டும். கூட்டத்துக்குப் பேராசிரியர் வர வேண்டும்.

"அவருக்கு நோட்டீஸ் அனுப்பிக்கிட்டேதானுங்க இருக்கறோம்," என்றார் நரசிம்மலு. "அந்தச் சாவிய வேணும்னா குடுத்துட்டுப் போங்க. 'மர்மப் பெண்ணின் சாவி'ன்னு கண்ணாடிப் பெட்டில வெக்கலாம். கூடச் சேத்துத் திருகற பாங்குச் சாவி ஏற்கெனவே அங்கதான் இருக்குது. ஜோடி சேந்துரும்."

அவள் சாவியை எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிளாடிஸுக்கும் மாப்பிள்ளை ஜேக்குக்கும் முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு வாசித்து, யாரும் தடை சொல்லாவிட்டால் அந்த வாரம் கல்யாணம். தடை யாரும் சொல்லவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் சம்பந்தியம்மா சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"நகை பொட்டில இருக்குதுங்கறீங்க. பொட்டி மியூசியத்துல இருக்குதுங்கறீங்க. மியூசியத்துல யானை எலும்பு கூட இருக்குதுங்க சம்பந்தி. அதையும் சீரோட அனுப்புவீங்களா?"

கிளாடிஸ் அம்மாவின் கையைப் பிடித்தாள். "கவரிங் போட்டுக்கறேன் மம்மி. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். உங்கொப்பனுக்குத் தெரியும்."

திங்கட்கிழமை மறுபடி போனாள். டிக்கெட் எடுத்தாள். கத்தினாள். கைத்தட்டினார்கள். புதன்கிழமை போனாள். அவளைப் பார்க்கவென்றே ஒரு வேன் நிறைய ஆட்கள் பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்தார்கள். எவனோ செல்போனில் பிடித்துப் போட்ட காட்சியை ஊரே பார்த்திருந்தது. அவள் போலீசுக்குப் போனாள். அங்கிருந்தவரும் பார்த்திருந்தார். "பிரமாதமா நடிக்கறீங்க," என்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள் நரசிம்மலு அவளை மாடிக்குக் கூப்பிட்டனுப்பினார். இந்த முறை ஸ்டூலைத் துடைத்துப் போட்டிருந்தார்கள்.

"அம்மணி, உங்களால கூட்டம் ரெண்டு மடங்கு ஆயிருச்சு. உங்களை முறைப்படி சேத்துக்கலாம்னு இருக்கறனுங்க. 'கோபமான வாடிக்கையாளர்.' தற்காலிகக் காட்சிப்பொருள். அடையாள அட்டை தருவோம். டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை."

"வேலைக்கு ஆள் எடுக்கக் கமிட்டி வேண்டாமுங்களா?"

"ஆளுக்குத்தானுங்க கமிட்டி. பொருள் வாங்க எனக்கே அதிகாரம் இருக்குது."

அவள் எழுந்து வெளியே வந்தாள். மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. எதிர் டீக்கடையில் கேஷியர் நின்று பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். கண்ணாடி இல்லை. சட்டைக்கையை மடித்திருந்தார். வயது பாதியாகியிருந்தது.

"அக்கா, டீ சாப்பிடுங்க," என்றார். "கோவிச்சுக்காதீங்க. அஞ்சு மணி வரைக்கும் நான் கேஷியர். அப்புறம்தான் ரசாக்கு. கோட்டைமேடு. நாடகம் போட்டுட்டிருந்தேன், அதுல சோறு இல்ல."

"நீயாச்சும் நிமிந்து பாத்திருக்கலாம்ல கண்ணு."

"நிமிந்தா சம்பளத்துல புடிப்பாங்கக்கா." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன். வர்ற திங்கக்கெழம ஆண்டு விழா. மெட்ராஸ்ல இருந்து பெரிய ஆபீசர் வர்றாரு. லாக்கரு அந்தக் காலத்துல எப்படித் திறந்தாங்கன்னு நடிச்சுக் காட்டப் போறாங்க. டைரக்டர் சார்தான் மேனேஜர் வேசம், தலைப்பாகை எல்லாம் தைக்கக் குடுத்திருக்காரு. அன்னிக்கு பாங்குச் சாவி கண்ணாடிப் பொட்டிய விட்டு வெளிய வரும். வாடிக்கையாளர் வேசத்துக்குத்தான் ஆள் இல்ல."

விமலாராணி டீயைக் கீழே வைத்தாள். திரும்பி மாடியேறினாள்.

"சேந்துக்கறனுங்க," என்றாள். "விழா முடிஞ்சதும் சாவிய நானே குடுத்தர்றன்."

நரசிம்மலு அவள் கையைக் குலுக்கினார். ஒத்திகையில் அவளுக்கு விளக்கமாகச் சொன்னார். "நான் பாங்குச் சாவியப் போட்டுத் திருகுவன். நீங்க உங்க சாவியப் போட்டு ஒரு திருகு. சத்தம் கேக்கோணும், அத்தோட சரி. கதவைத் தொறக்கக் கூடாது. தப்பித் தொறந்துட்டாலும் கேமராவுல எடுத்துறக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கறன்."

"சரிங்க."

"அந்தக் காலத்து வழக்கம் ஒண்ணு இருக்குது. மேனேஜர் தன் சாவியத் திருகுனதும் முதுகைக் காட்டி நின்னுக்குவார். வாடிக்கையாளர் பொட்டிய அவர் பாக்கக் கூடாது. அதை அப்படியே செய்யோணும். நுணுக்கம்தானுங்க அருங்காட்சியகம்."

"செய்யுங்க சார்," என்றாள் விமலாராணி. "அதை மட்டும் உட்டுறாதீங்க."

ஞாயிறு மூன்றாம் ஓலை வாசித்தார்கள். வியாழன் கல்யாணம். இடையில் திங்கள்.

விழா நன்றாக நடந்தது. பெரிய அதிகாரிக்கு மாலை போட்டார்கள். நரசிம்மலு கோட்டும் சிவப்பு ஜரிகைத் தலைப்பாகையுமாக மைக் பிடித்தார். அவர் அன்று மாலையே விமானம் ஏறுகிறார், வியன்னா மாநாட்டில் காத்திருப்பு பற்றிக் கட்டுரை வாசிக்கிறார் என்பதைப் பேச்சின் தொடக்கத்தில் சொன்னார். நடுவில் சொன்னார். சட்டைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து ஆட்டியும் சொன்னார்.

"இந்தக் கட்டடத்தை யாருகிட்ட இருந்து காப்பாத்தறோம்? மழைகிட்ட இருந்து இல்லீங்க. கரையான்கிட்ட இருந்து இல்லீங்க. மக்கள்கிட்ட இருந்து! அவங்க உள்ள வந்தாங்கன்னா தங்களோட பொருளைத் தேடறாங்க. எந்தப் பொருளும் இன்னாரோடதுன்னு தெரிஞ்சுட்டா அதுக்கு அழகு போயிருது. யாரோடதும் இல்லாம ஆக்கறதுதான் எங்க பணி."

பலமாகக் கைத்தட்டினார்கள்.

எல்லாரும் லாக்கர் அறைக்கு வந்தார்கள். விமலாராணி பட்டுப்புடவையில், கையில் பேக்கரியின் துணிப்பையோடு நின்றாள். வழக்கமாக வாசலில் பிடுங்கிக்கொள்ளும் பை. இன்று அதுவும் காட்சிப்பொருள். நரசிம்மலு சிவப்புக் கயிற்றை அவிழ்த்தார். பாங்குச் சாவியைப் பட்டுத் தலையணையிலிருந்து எடுத்துப் போட்டுத் திருகினார். பிறகு கம்பீரமாகத் திரும்பி முதுகைக் காட்டினார்.

"வாடிக்கையாளருக்கு மரியாதை," என்று அறிவித்தார். "எல்லாரும் திரும்பிக்கலாமுங்க."

பெரிய அதிகாரி திரும்பினார். மச்சினர் திரும்பினார். கேமராக்காரர் திரும்பினார். கூட்டம் முழுக்கச் சுவரைப் பார்த்தது. கர்த்தர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

விமலாராணி சாவியைப் போட்டாள். திருகினாள். சத்தம் கேட்டது. கதவைத் திறந்தாள். தேவானந்தம் தன் பழைய பச்சைக் கொடியில் சுற்றி வைத்திருந்த பொட்டலம் அப்படியே இருந்தது. எடுத்துப் பைக்குள் போட்டு, மேலே இரண்டு பன்னை வைத்தாள்.

"ஆச்சுங்க," என்றாள்.

திரும்பினார்கள். பெட்டியின் கதவு விரியத் திறந்திருந்தது. நரசிம்மலுவின் வாயும்.

"அடடே, உள்ளே காலியா?" என்றார் அதிகாரி.

"வெச்சுப் பூட்டறதையும் காட்டறதுக்குத்தானுங்க," என்றாள் விமலாராணி பணிவாக. "வெறும் பொட்டியப் பூட்டுனா நல்லா இருக்காதுங்க. விலை மதிப்பானதா எதாச்சும் குடுத்தீங்கன்னா பூட்டிக் காட்டிப்போடறன்."

"நரசிம்மலு, உங்க பாஸ்போர்ட்டைக் குடுங்க," என்றார் அதிகாரி. "அரை மணி நேரமா அதைத்தானே ஆட்டிட்டிருக்கீங்க."

கூட்டம் சிரித்தது. நரசிம்மலுவும் சிரிக்க வேண்டியிருந்தது. சாப்பாடு முடிந்ததும் திறந்துகொள்ளலாம் என்று எண்ணிக்கொண்டு நீட்டினார்.

லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டும். பூட்ட ஒன்று போதும், வாடிக்கையாளர் சாவி. விமலாராணி பாஸ்போர்ட்டை உள்ளே வைத்தாள். பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று.

விருந்து மாடியில். காட்சிப்பொருள்களுக்கு அழைப்பு இல்லை. அவள் அடையாள அட்டையைக் கழற்றி ரசாக்கின் மேசையில் வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். மணி ஐந்துகூட ஆகவில்லை, ஆனால் அன்று அவள் கேட்டிருந்தாள்.

"சாவியக் குடுக்கலையாக்கா?"

"விழா முடிஞ்சாத்தானே கண்ணு குடுக்கறன்னு சொன்னன். எங்க ஊட்டு விழா வியாழக்கெழம."

போத்தனூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பேக்கரி முன்னால் கார் வந்து நின்றது. நரசிம்மலு இறங்கினார். தலைப்பாகையைக் கழற்ற நேரம் இருந்திருக்கவில்லை. கடையில் கூட்டம் இல்லை. வெளியே பெஞ்சில் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கிளாடிஸ் கல்லாவில் இருந்தாள்.

"அம்மணி, சாவி. சீக்கிரமுங்க."

விமலாராணி நிமிரவில்லை. "வரிசைல வாங்க."

"எங்கீங்க வரிசை? நான் ஒருத்தன்தான நிக்கறன்!"

"அப்ப நீங்கதான் வரிசை. நில்லுங்க."

தேங்காய் பன்னை ஒவ்வொன்றாக அடுக்கினாள். தட்டைத் துடைத்தாள். துடைத்த தட்டை மறுபடி துடைத்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பிளைட்டுக்கு நேரமாச்சுங்க."

"பூட்டை உடைச்சு எடுத்துக்கறதுதானுங்க?"

"உடைக்க முடியாதுங்க. விதி இருக்குது. கமிட்டிதான்..." அவர் நிறுத்தினார்.

"கூட்டுங்க."

"பேராசிரியர் இல்லீங்களே."

"நோட்டீஸ் அனுப்பிக்கிட்டேதான இருக்கறீங்க. வருவாரு."

"அம்மணி, அது எம்பட பாஸ்போர்ட்டு!"

"பாஸ்போர்ட்டுன்னு சொல்லாதீங்க," என்றாள் விமலாராணி. "பொட்டிக்குள்ள போயிருச்சுன்னா அது வரலாறுங்க."

"உங்ககிட்ட சாவி இருக்குதுன்னு எனக்குத் தெரியும்!"

"எங்கிட்ட எப்பிடீங்க இருக்கும்? அந்தப் பொட்டியோட சொந்தக்காரி திரும்பி வரவே இல்லீன்னு உங்க மிசின் சொல்லுது. கமிட்டி ஒப்புதல் வாங்குன வாசகம். இப்ப நான் சாவியக் குடுத்தன்னா உங்க லேபிள் தப்பாயிருமுங்களே."

நரசிம்மலுவின் முகம் தலைப்பாகை நிறத்துக்கு வந்தது. கத்தினார். மோசடி என்றார். தான் யார் தெரியுமா என்றார். வியன்னாவில் தனக்காக ஒரு நாற்காலி காலியாக இருக்கும் என்றார். கொங்குநாட்டின் மானம் போகிறது என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். ஒருவர் கைத்தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

"ஏனுங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. பின்னாடி கேக்கல."

கிளாடிஸ் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு மம்மி அது?"

"காத்திருப்பு அனுபவம், கண்ணு," என்றாள் விமலாராணி. "முப்பது ரூவா வாங்கிக்க."